எழுபது தீர்மானங்களும் எழுதாமல் விட்ட ஒன்றும்

டிசம்பர் 31ஆம் தேதி இரவு மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள தமிழ்த் தேவாலயங்கள் பலவற்றில் விளக்குகள் அணைவதில்லை. ஆண்டு முழுவதும் கோவில் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள்கூட அன்று குடும்பத்தோடு வந்து அமர்ந்திருப்பார்கள். நள்ளிரவு நெருங்கும்போது முழங்காலில் நின்று ஜெபிப்பார்கள். பன்னிரண்டு மணி ஆனதும் ஒருவருக்கொருவர் கைகுலுக்கி வாழ்த்துச் சொல்வார்கள். வீடு திரும்பும் வழியில் பலரது மனத்திலும் ஒரு பட்டியல் தயாராகும். இந்த ஆண்டு வேதாகமத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்துவிட வேண்டும். தினமும் அதிகாலையில் ஜெபிக்க வேண்டும். கோபத்தை விட்டுவிட வேண்டும்.

பிப்ரவரி மாதம் பிறக்கும்போது அந்தப் பட்டியல் எங்கே போனது?

இந்தக் கேள்வி புதியதன்று. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதே கேள்வியோடு போராடிய இருவர் இருந்தார்கள். ஒருவர் அமெரிக்காவின் ஜோனதன் எட்வர்ட்ஸ். மற்றவர் இங்கிலாந்தின் ஜான் வெஸ்லி. இருவருமே 1703ஆம் ஆண்டில் பிறந்தவர்கள். இருவருமே போதகர்களின் பிள்ளைகள். இருவருமே தங்கள் ஆன்மீக வாழ்க்கையை நாள்தோறும் கணக்குப் பார்த்தவர்கள். ஆனால், அவர்கள் நடந்த பாதைகள் வேறு. புத்தாண்டில் ஆன்மீக இலக்கு வகுக்க நினைப்பவர்களுக்கு அந்த இரண்டு பாதைகளும் ஒரு பாடம் வைத்திருக்கின்றன.

பத்தொன்பது வயதில் எழுதிய பட்டியல்

1722ஆம் ஆண்டு. எட்வர்ட்ஸ் யேல் கல்லூரியில் பட்டம் பெற்று இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. நியூயார்க்கில் ஒரு சிறிய சபைக்குப் போதகராக வந்து சேர்ந்த அந்த இளைஞர், தாம் எப்படி வாழ வேண்டும் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தீர்மானங்களை எழுதத் தொடங்கினார். 1723 ஆகஸ்ட் 17ஆம் தேதி அந்தப் பட்டியல் எழுபதாவது தீர்மானத்தோடு நின்றது. அப்போது அவருக்கு இருபது வயதுகூட நிறையவில்லை.

ஒரு நொடியையும் வீணாக்கக்கூடாது. உண்பதிலும் குடிப்பதிலும் அளவோடு இருக்க வேண்டும். யாரைப் பற்றியும் வேண்டாத தீங்கு பேசக்கூடாது. தன் வாழ்வின் கடைசி மணி நேரம் இதுதான் என்றால் எதைச் செய்ய அஞ்சுவோமோ, அதை என்றைக்குமே செய்யக்கூடாது. இந்தத் தோரணையில் அமைந்தவை அவை. ஏழைகளுக்கு உதவ வேண்டும் என்பதும் அவற்றில் உண்டு.

பட்டியலின் தலைப்பிலேயே இரண்டு செய்திகளை எட்வர்ட்ஸ் எழுதி வைத்தார். இறைவனின் துணையில்லாமல் தம்மால் எதுவும் ஆகாது என்பது ஒன்று. வாரத்திற்கு ஒருமுறை இவை அனைத்தையும் படித்துப் பார்க்க வேண்டும் என்பது இன்னொன்று. சொன்னபடியே வாரக் கணக்கு பார்த்தார். எத்தனை தீர்மானங்களை மீறினோம் என்பதை நாட்குறிப்பில் பதிந்தார். சில வாரங்களில் மனம் மகிழ்ந்தது. சில வாரங்களில் தம்மைத் தாமே நொந்துகொண்டார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எட்வர்ட்ஸின் தீர்மானங்கள் இன்று புத்தாண்டுச் செய்திகளில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகின்றன. உண்மையில் அவை புத்தாண்டுக்காக எழுதப்பட்டவை அல்ல. அந்தக் காலத்தில் இங்கிலாந்திலும் அதன் ஆட்சிக்கு உட்பட்ட அமெரிக்கக் குடியேற்றங்களிலும் சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25ஆம் தேதிதான். 1752ஆம் ஆண்டிலிருந்துதான் அது ஜனவரி முதல் தேதிக்கு மாறியது. எட்வர்ட்ஸுக்கு நல்ல நாள் பார்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை. குறை தெரிந்த நாளே அவருக்குத் தொடக்க நாள்.

சுமார் 1740ஆம் ஆண்டில், நடுவயதை நெருங்கிய எட்வர்ட்ஸ் தம் இளமைக் காலத்தைத் திரும்பிப் பார்த்து ஒரு குறிப்பு எழுதினார். அந்நாளில் தம் சொந்த பலத்தை அளவுக்கு மீறி நம்பியிருந்ததாகவும், தாம் எவ்வளவு பலவீனமானவர் என்பதை அனுபவம் அப்போது கற்றுத்தந்திருக்கவில்லை என்றும் அதில் ஒப்புக்கொண்டார். தலைப்பில் இறைவனின் துணையை எழுதியவர்தான் இவர். எழுதுவது எளிது, அதை உணர்வதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின.

முழுநிலவு நாளில் ஓர் ஆராதனை

கடலுக்கு அப்பால் ஜான் வெஸ்லியின் கதையும் ஏறக்குறைய அப்படித்தான் தொடங்கியது. ஆக்ஸ்ஃபோர்டில் அவரும் அவர் தம்பி சார்லஸும் நண்பர்கள் சிலரும் கூடி வேதம் படித்தார்கள், உபவாசம் இருந்தார்கள், சிறைக் கைதிகளைப் போய்ப் பார்த்தார்கள். நேரத்தை ஒழுங்கு முறைப்படி பங்கிட்டு வாழ்ந்ததால் மற்ற மாணவர்கள் அவர்களைக் கேலியாக 'மெத்தடிஸ்ட்' என்று அழைத்தார்கள். அந்தக் கேலிப் பெயரே பின்னாளில் ஒரு திருச்சபையின் பெயரானது.

வெஸ்லியும் தம்மைத் தாமே சோதிக்கும் கேள்விப் பட்டியல் வைத்திருந்தார். ஆனால், அவரது பாதை அந்தத் தனி அறையோடு நிற்கவில்லை. 1739ஆம் ஆண்டு அவர் பிரிஸ்டல் நகருக்கு அருகிலுள்ள கிங்ஸ்வுட்டில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்குத் திறந்தவெளியில் பிரசங்கம் செய்யத் தொடங்கினார். அந்தத் தொழிலாளர்களில் பலர் முன்பு சனிக்கிழமை இரவுகளை மதுக்கடையில் கழித்தவர்கள். மனம் திரும்பிய பிறகு அவர்கள் அந்த இரவில் கூடி நள்ளிரவு தாண்டியும் ஜெபிக்கத் தொடங்கினார்கள்.

சிலருக்கு இது பிடிக்கவில்லை. இதை நிறுத்திவிடுங்கள் என்று வெஸ்லியிடம் ஆலோசனை சொன்னார்கள். வெஸ்லி யோசித்தார். ஆதித் திருச்சபையார் இரவு கண்விழித்து ஜெபித்த வழக்கத்தோடு இது ஒத்துப்போகிறதே என்று அவருக்குத் தோன்றியது. தடுப்பதற்குப் பதிலாகத் தாமே அதில் கலந்துகொண்டார். 1742 ஏப்ரல் 9ஆம் தேதி லண்டனிலும் முதல் விழித்திருப்பு ஆராதனை நடந்தது. இன்று நாம் 'வாட்ச் நைட்' என்று சொல்கிறோமே, மெத்தடிஸ்ட் சபைகளில் அதன் தொடக்கம் இதுதான். மொராவியர் எனப்பட்ட ஜெர்மானியக் கிறிஸ்தவர்களிடமும் ஆண்டின் கடைசி இரவில் கூடி ஜெபிக்கும் வழக்கம் அதற்கு முன்பே இருந்தது.

அந்த ஆராதனைக்கு வெஸ்லி எந்த நாளைத் தேர்ந்தெடுத்தார் தெரியுமா? முழுநிலவுக்கு அருகில் வரும் வெள்ளிக்கிழமையை. இரவு எட்டரைக்குத் தொடங்கும் கூட்டம் நள்ளிரவுக்குச் சற்றுப் பின்னர்தான் முடியும். தூரத்திலிருந்து நடந்து வந்தவர்கள் வீடு திரும்ப வெளிச்சம் வேண்டாமா? தெருவிளக்கு இல்லாத காலத்தில் ஏழைகள் இருட்டில் தடுமாறக்கூடாதே என்று நிலவைப் பார்த்து நாள் குறித்தார். ஆன்மீகம் வானத்தைப் பார்க்கும்போதே வழி நடப்பவரின் காலையும் பார்த்தது.

வாரம் ஒரு பென்னி

அதே 1742ஆம் ஆண்டு பிப்ரவரியில் இன்னொரு நிகழ்ச்சி. பிரிஸ்டலில் கட்டிய ஜெபக்கூடத்தின் கடனை எப்படி அடைப்பது என்று பேச்சு எழுந்தது. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுத்தால் என்ன என்று ஒருவர் யோசனை சொன்னார். பலருக்கு அதற்கும் வழியில்லையே என்றார் இன்னொருவர். முன்னவர் தயங்கவில்லை. மிகவும் ஏழைகளான பதினொரு பேரைத் தம் பொறுப்பில் விடும்படி கேட்டார். அவர்களால் கொடுக்க முடிந்தால் சரி, முடியாவிட்டால் தாமே போட்டுக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார்.

அப்படியே பன்னிரண்டு பேர் கொண்ட சிறு குழுக்கள் அமைந்தன. தலைவர்கள் காசு வாங்க வீடு வீடாகப் போனார்கள். போன இடத்தில் ஒருவர் குடித்துக் கிடந்தார். இன்னொருவர் மனைவியோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். செய்தி வெஸ்லியின் காதுக்கு வந்தது. நாம் இத்தனை நாள் தேடியது இதைத்தானே என்று அவர் கண்டுகொண்டார். காசு வாங்கப் போன குழு, ஒருவரையொருவர் விசாரிக்கும் குழுவாக மாறியது. வாரம் ஒருமுறை கூடி, உங்கள் ஆத்துமா எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டார்கள். ஒருவர் தம் தீர்மானத்தில் தவறினால் அதை நாட்குறிப்பு மட்டுமன்றிப் பக்கத்து வீட்டுக்காரரும் அறிவார். அறிந்து தோள் கொடுப்பார்.

1755 ஆகஸ்ட் 11ஆம் தேதி லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் பிரெஞ்சுக்காரர்களின் ஆலயம் ஒன்றில் வெஸ்லி முதல் உடன்படிக்கை ஆராதனையை நடத்தினார். ரிச்சர்ட் அலைன் என்ற தூய்மைவாதப் போதகரின் நூலிலிருந்து உடன்படிக்கை வாசகம் வாசிக்கப்பட்டது. அதற்கு இசைவு தெரிவித்துச் சுமார் 1,800 பேர் எழுந்து நின்றார்கள். பின்னர் இந்த ஆராதனை புத்தாண்டை ஒட்டி நடத்தப்படும் வழக்கமாக நிலைபெற்றது.

அந்த உடன்படிக்கையின் சாரம் நம் புத்தாண்டுப் பட்டியலுக்கு நேர்மாறானது. நான் இதைச் சாதிப்பேன், அதை அடைவேன் என்று அது சொல்லவில்லை. எந்த இடத்தில் வைத்தாலும், எவரோடு சேர்த்தாலும், வேலை கொடுத்தாலும், ஒதுக்கி வைத்தாலும் உமக்கே சொந்தம் என்று தன்னை ஒப்படைக்கிறது. நம் விருப்பத்தை இறைவனிடம் கையெழுத்துக்கு நீட்டுவதன்று அது. வெற்றுத்தாளில் நாம் கையெழுத்திட்டுக் கொடுப்பது.

பட்டியலில் இல்லாத பெண்

இனி, சொல்ல மனம் வராத ஒரு செய்தி. 1731ஆம் ஆண்டு எட்வர்ட்ஸ் நியூபோர்ட் துறைமுக நகருக்குப் போனார். அப்போது அவர் நார்த்தாம்ப்டன் நகரின் மதிப்புமிக்க போதகர். அங்கே 80 பவுண்டு கொடுத்து ஒரு கறுப்பினச் சிறுமியை அடிமையாக வாங்கினார். அவளுக்கு வயது சுமார் பதினான்கு. வீனஸ் என்பது விற்பனைச் சீட்டில் உள்ள பெயர். அந்தச் சீட்டு இன்றும் இருக்கிறது.

ஒரு நொடியை வீணாக்கினாலும் வருந்திய மனிதர் அவர். உணவில் ஒரு கவளம் கூடினாலும் தம்மையே விசாரித்தவர். அப்படிப்பட்டவரின் எழுபது தீர்மானங்களில் ஒன்றுகூட, இன்னொரு மனிதரை விலைக்கு வாங்கலாமா என்று கேட்கவில்லை. 1741ஆம் ஆண்டளவில் இதைப் பற்றி ஒரு குறிப்பு எழுதினார். ஆப்பிரிக்காவிலிருந்து புதிதாக மனிதர்களைப் பிடித்து வருவதை அதில் குறை கூறினார். ஆனால், வீட்டில் அடிமை வைத்திருப்பதை நியாயப்படுத்தினார்.

அக்காலத்தில் எல்லாரும் அப்படித்தானே இருந்தார்கள் என்று சொல்லிவிடலாமா? எல்லாரும் அப்படி இருக்கவில்லை. குவேக்கர் எனப்பட்ட கிறிஸ்தவர்கள் சிலர் பென்சில்வேனியாவில் 1688ஆம் ஆண்டிலேயே அடிமை முறைக்கு எதிராக எழுத்துமூலம் குரல் கொடுத்திருந்தார்கள். எட்வர்ட்ஸ் நேர்மையற்றவர் என்று முடிவுகட்டுவதும் சரியாகாது. அவர் மிக நேர்மையாகவே தம்மைச் சோதித்தார். ஆனால், கேள்வி கேட்டவரும் அவரே. பதில் சொன்னவரும் அவரே. தன் முதுகைத் தானே பார்க்க யாராலும் முடிவதில்லை.

வெஸ்லியும் இதைத் தாமாகவே கண்டுபிடித்துவிடவில்லை. 1772ஆம் ஆண்டில் அவர் அந்தோனி பெனசெட் என்ற குவேக்கரின் நூலைப் படித்தார். வேறொரு சபையைச் சேர்ந்த ஒருவரின் எழுத்து அவரை உலுக்கியது. 1774ஆம் ஆண்டில் அடிமை முறையைக் கண்டித்து ஒரு சிறு நூல் வெளியிட்டார். 1791 பிப்ரவரி 24ஆம் தேதி, மரணத்திற்கு ஆறு நாட்களுக்கு முன்பு, 87 வயதில் அவர் எழுதிய கடிதம் அடிமை வாணிபத்தை ஒழிக்கப் போராடிய வில்லியம் வில்பர்ஃபோர்ஸுக்கு ஊக்கம் கூறுவதாக இருந்தது.

அப்படியானால் குழுவாகச் சேர்ந்துவிட்டால் போதுமா? அதற்கும் வரலாறு 'இல்லை' என்றே பதில் சொல்கிறது. அமெரிக்க மெத்தடிஸ்டுகள் 1784ஆம் ஆண்டு தங்கள் உறுப்பினர்கள் அடிமைகளை விடுவிக்க வேண்டும் என்று விதி செய்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் சில மாதங்களிலேயே அதை நிறுத்தி வைத்தார்கள். 1844ஆம் ஆண்டில் இதே பிரச்சினையில் அந்தச் சபை வடக்கு தெற்காகப் பிளந்தது. ஒரே மாதிரியானவர்கள் மட்டும் கூடும் குழு, ஒரே மாதிரியான குருட்டுத்தனத்தையும் பகிர்ந்துகொள்ளும். பாதிக்கப்பட்டவரின் குரலும் அந்த அறைக்குள் கேட்க வேண்டும்.

எட்வர்ட்ஸின் குடும்பத்திலேயே அந்தக் குரல் பிறகு கேட்டது. அவருடைய மகன் இளைய ஜோனதன் எட்வர்ட்ஸும், அவரிடம் பயின்ற சாமுவேல் ஹாப்கின்ஸும் அடிமை முறையை வெளிப்படையாக எதிர்த்தார்கள். தந்தை எழுதாமல் விட்ட தீர்மானத்தை மகன் எழுதினார் எனலாம்.

விடியலுக்காகக் காத்திருந்த இரவு

1862 டிசம்பர் 31ஆம் தேதி இரவு. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. கிளர்ச்சி செய்த தென் மாநிலங்களில் உள்ள அடிமைகள் மறுநாள் முதல் விடுதலை பெற்றவர்கள் என்று அதிபர் ஆபிரகாம் லிங்கன் ஏற்கெனவே அறிவித்திருந்தார். அவர் சொன்னபடி கையெழுத்திடுவாரா? கறுப்பின மக்கள் தேவாலயங்களில் கூடி இரவெல்லாம் ஜெபித்தார்கள்.

ஜனவரி முதல் நாள் பிற்பகலில்தான் லிங்கன் கையெழுத்திட்டார். பாஸ்டன் நகரில் திரண்டிருந்த கூட்டத்தில், அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்து பெரும் பேச்சாளரான ஃபிரெடரிக் டக்ளஸும் இருந்தார். தந்தி வரும் வரை இரவு வெகுநேரம் காத்திருந்தார்கள். வந்ததும் அந்த மண்டபம் ஆனந்தத்தில் அதிர்ந்தது. நாடு முழுவதும் அடிமை முறை சட்டப்படி ஒழிய 1865 டிசம்பர் வரை ஆயிற்று. இருந்தாலும் அந்த ஒரு இரவின் நினைவாகவே கறுப்பினத் திருச்சபைகள் இன்றும் விழித்திருப்பு ஆராதனையைத் தனிச் சிறப்போடு நடத்துகின்றன.

கிங்ஸ்வுட் தொழிலாளர்கள் மதுக்கடையை விட்டு வந்து விழித்திருந்த இரவும், அடிமைகள் விடுதலைக்காக விழித்திருந்த இரவும் ஒரே வழக்கத்தின் இரண்டு முகங்கள். ஒன்று உள்ளத்தின் கட்டுகளை அவிழ்க்கக் காத்திருந்தது. மற்றொன்று கைகளின் கட்டுகளை அவிழ்க்கக் காத்திருந்தது.

நம் மண்ணில்

இந்த வழக்கம் இந்தியாவின் வழியாகவே நம் மண்ணுக்கும் வந்தது. 1885 பிப்ரவரி 7ஆம் தேதி ஜேம்ஸ் தோபர்ன், வில்லியம் ஓல்டம் ஆகிய இருவரும் சிங்கப்பூரில் வந்து இறங்கினார்கள். ஓல்டம் பெங்களூரில் பிறந்தவர். அவர்கள் தொடங்கிய மெத்தடிஸ்ட் ஊழியம் 1891இல் பினாங்கிலும் 1897இல் கோலாலம்பூரிலும் வேரூன்றியது. தமிழர்களிடையேயும் சபைகள் எழுந்தன. உடன்படிக்கை ஆராதனை இங்கும் புத்தாண்டோடு சேர்ந்து வருகிறது. இன்று மெத்தடிஸ்டுகள் மட்டுமன்றிப் பல சபையாரும் ஆண்டின் கடைசி இரவில் விழித்திருக்கிறார்கள்.

அப்படி விழித்திருப்பவர்கள் என்ன இலக்கு வகுக்கலாம்? வேதம் படிப்பதும் ஜெபிப்பதும் பட்டியலில் இருக்கட்டும். எட்வர்ட்ஸைப் போல வாரம் ஒருமுறை அதை எடுத்துப் பார்ப்பது நல்லது. திரும்பிப் பார்க்காத தீர்மானம் நாட்காட்டியோடு சேர்ந்து கிழிந்து போகும். வெஸ்லியைப் போல அதை இரண்டு மூன்று பேரிடமாவது சொல்லி வைப்பது இன்னும் நல்லது. முப்பது இலக்குகளை எழுதி மூன்று வாரத்தில் களைத்துப் போவதைவிட, மூன்றை எழுதி ஆண்டு முழுவதும் காப்பது மேல்.

அதற்கும் மேலாக ஒன்று உண்டு. நம் பட்டியலில் இல்லாதவர் யார் என்று கேட்க வேண்டும். அதிகாலை ஜெபத்திற்கு எழும் குடும்பத்திற்கு முன்பாகவே எழுந்து தேநீர் போட்டு வைக்கும் பணிப்பெண் பல வீடுகளில் இருக்கிறார். அவரை அக்கால அடிமைகளோடு ஒப்பிடுவது சரியாகாது. அவர் ஒப்பந்தத்தின் பேரில், சம்பளத்திற்கு வேலை செய்பவர். ஆனாலும், அவருக்கு ஓய்வு நாள் உண்டா என்ற கேள்வியைச் சட்டமே கேட்க வேண்டி வந்தது. சிங்கப்பூரில் 2013 ஜனவரி 1ஆம் தேதி முதல் செய்யப்பட்ட வேலை ஒப்பந்தங்களுக்கு வாராந்திர ஓய்வு நாள் விதி நடைமுறைக்கு வந்தது. 2023 ஜனவரி 1ஆம் தேதி முதல், பணம் கொடுத்து ஈடுகட்ட முடியாதபடி மாதம் ஒரு நாளாவது கட்டாய ஓய்வு தர வேண்டும் என்றானது. இரண்டு விதிகளுமே புத்தாண்டு நாளில்தான் பிறந்தன.

ஞாயிற்றுக்கிழமையை ஓய்வு நாள் என்று போற்றும் வீட்டில் அந்த ஓய்வு எல்லாருக்கும் கிடைக்கிறதா? கடையில் வேலை செய்யும் பையனுக்குச் சம்பளம் சொன்ன தேதியில் போய்ச் சேருகிறதா? சொத்துத் தகராறில் பேச்சு நின்றுபோன அண்ணன் வீட்டுக்கு இந்த ஆண்டாவது ஒரு தொலைபேசி அழைப்பு போகுமா? இவை வேதம் படிக்கும் அட்டவணையில் இடம்பெறாத கேள்விகள். ஆனால், படித்த வேதம் உள்ளே போயிற்றா என்பதை இவையே காட்டும்.

எட்வர்ட்ஸ் எழுதிய எழுபது தீர்மானங்களும் இன்றும் படிக்கத் தகுந்தவை. அவற்றைப் படிப்பவர்கள் எழுபதோடு நிறுத்திவிடாமல், எழுபத்தொன்றாவது இடத்தைக் காலியாக விட்டு வைக்க வேண்டும். அந்த இடத்தில் என்ன எழுத வேண்டும் என்பதை நாமாகவே முடிவு செய்யாமல், நம்மோடு வாழ்கிறவர்களிடம், முக்கியமாக நமக்குக் கீழே வேலை செய்கிறவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அப்படிக் கேட்கும் துணிவு வந்துவிட்டால், ஆண்டு பிறந்தது ஜனவரியிலா மார்ச்சிலா என்பது பெரிதில்லை. கேட்ட நாளே புத்தாண்டு.